மூன்றாவது ஒதுங்கிடம்

ஏரியைச் சுற்றிப் போவது ஒரே ஒரு ரோடு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் தண்ணீர். லாரி ஒன்று போனால் பக்கத்தில் ஒரு சைக்கிள் போகலாம், அவ்வளவுதான் அகலம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஏதாவது ஒன்று ஒதுங்கியே ஆக வேண்டும். அதற்காகக் குவாரி திறந்த காலத்திலேயே மலைப்பக்கம் குடைந்து அங்கங்கே ஒரு வண்டி புகுந்து நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒதுங்கிடம் என்று பெயர். குவாரியிலிருந்து இறங்கும்போது முதலாவது, இரண்டாவது என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஒன்பதாவதில் ஊர் வந்துவிடும்.

அந்த ரோட்டின் சட்டத்தை யாரும் போர்டில் எழுதி வைக்கவில்லை. கல் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரி வளைவுக்கு மேலேயே நீளமாக ஒரு ஹாரன் கொடுக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அதைக் கேட்டதும் ஏறி வருகிற வண்டி ஒதுங்கிடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். லோடு வண்டி சரிவில் நிற்காது. நிறுத்தப் பார்த்தாலும் நிற்காது. நடந்து போகிறவன் மலையோடு மலையாக ஒட்டிக்கொள்ள வேண்டும், ஏரிப்பக்கம் மட்டும் காலை வைக்கக் கூடாது. அந்தக் கரை மண் நம்ப வைத்துக் கழுத்தறுக்கிற ஜாதி. டிரைவருக்கும் ஒரு பாடம் உண்டு: பிரேக் பேச்சைக் கேட்கவில்லையென்றால் மலையில் உரசு, தண்ணீரைப் பார்க்காதே. ஏரிக்கரைப் பிள்ளைகள் இதையெல்லாம் நடை பழகும்போதே பழகிக்கொள்வார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் ஏரியைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினான். வந்தது வினை. முதலில் லாட்ஜ் ஒன்று, பிறகு படகுத்துறை, பிறகு லாட்ஜ் பத்து. விடுமுறை நாளில் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. ஊர்க்காரன் ஒருவன் ரோட்டைக் கடந்து தன் வீட்டுக்குப் போவதற்கே வெளியூர்க்காரனிடம் வழி கேட்க வேண்டியதாயிற்று. கல் லாரியால் தூசு, சத்தம், ஏரியின் அழகு கெடுகிறது என்று லாட்ஜ்காரர்கள் மேலிடத்தில் அழுதார்கள். விருந்தாளிகள் எழுந்து பல் விளக்குவதற்குள் கல் லாரி ஓடி முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை ஆற அமர ஓட்டியவர்கள் வாலில் தீப்பிடித்த மாதிரி ஓட்டத் தொடங்கினார்கள்.

அப்படி ஓட்டியவர்களில் ஒருவர் இந்தக் கதையில் வரும் லாரிக்காரர். அவர் மனைவியை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அக்கா பெரிய லாட்ஜில் துணி வெளுத்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மலை மலையாக வரும். துவைத்து, லாட்ஜின் பின்சரிவில் கொடி கட்டிச் சாயங்காலமே காயப் போட்டுவிட்டு வருவாள். ரோடு அதற்கு நேர் கீழே. விடிகாலையில் புருஷனின் லாரி போனால் சாம்பல் நிறத்தில் தூசு கிளம்பி, வந்து, ஈர விரிப்பில் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

"இன்னைக்கும் ரெண்டு கொடித் துணியை நாசம் பண்ணிட்டீங்க," என்பாள் வீட்டுக்கு வந்ததும்.

"நான் அழுக்காக்கலைன்னா உனக்கு ஏதுடி வேலை? எனக்கு நன்றி சொல்லு," என்பார் அவர். அவளும் சிரித்துவிடுவாள். ஒரு வீட்டுக்குள் குவாரியும் லாட்ஜும் குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் இப்படிச் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

தம்பிக்குக் கொக்கு என்று பெயர். நெட்டைக் கால், நீளக் கழுத்து, போதாததற்கு எதைக் கேட்டாலும் ஒற்றைக் காலில் நிற்கிற குணம். கல் உடைக்கும் மெஷினில் வேலை பார்த்து, இருமல் வந்து, ஆள் குறைப்பில் முதல் ஆளாக வெளியே வந்தவன். மூன்றாவது ஒதுங்கிடத்தில் நாலு பலகையை அடித்து, மேலே தகரம் போட்டு, கடை வைத்துவிட்டான். டீ, அவித்த முட்டை, கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கிற ஏரி மீன். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுதாகத் தெரியும். படம் எடுக்க இறங்குகிறவர்கள் காரை எங்கே விடுவது என்று கேட்டார்கள். கடையை ஓரமாகத் தள்ளி, மிச்ச இடத்தில் இரண்டு காரை நெருக்கி நிறுத்தக் கற்றுக்கொண்டான். இருமல்கூடக் குறைந்துவிட்டது என்று அவன் மனைவி சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் கடைக்கு வந்து போவாள். இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருந்தன, நடுச்சுவர் ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது லாரிக்காரர் பேச்சைத் தொடங்கினார்.

"மச்சான், அந்த இடத்தைக் காலி பண்ணிடு."

"ஏன் மாமா? என் கடை வந்து உங்க லாரியை இடிச்சுதா?"

"விளையாடாத. ஏறி வர்ற வண்டி எங்கடா ஒதுங்கும், உன் தலை மேலயா? ரெண்டு காரை உள்ள சொருகி வச்சிருக்க."

"ஹாரன் கேட்டா நான்தான் ஓடி வந்து மறிக்கிறேனே. கீழயே தடுத்து, நாலாவது இடத்துக்குள்ள தள்ளிவிட்டுடறேன். இதுவரைக்கும் ஒரு நாளாவது தவறியிருக்கா, சொல்லுங்க."

"நாலாவதுல ஐஸ்கிரீம் வண்டி நிக்குது."

"எல்லாத்துலயும்தான் எவனாவது நிக்குறான். அவங்களை எல்லாம் விட்டுட்டு என் மேல மட்டும் ஏன் பாயறீங்க?"

"அவனுங்க எவனும் என் பொண்டாட்டியோட தம்பி இல்ல."

கொக்கு தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு கழுத்தை நீட்டினான். "குவாரி இன்னும் எத்தனை நாளைக்கு மாமா? நாளைக்கே உங்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்க. அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மீன் பொரிக்கலாம். காத்துள்ளபோதே தூத்திக்கணும்."

"காத்து உனக்கு. தூசிதான்டா எனக்கு."

"அக்கா, நீயே சொல்லு. நான் எங்க போவேன்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அக்கா புருஷனின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவர் வேண்டாமென்று கை காட்டியபோதும் போட்டாள்.

"சீசன் முடியட்டுமேங்க. இன்னும் கொஞ்ச நாள்தான? அவனும் புள்ளையை வச்சிருக்கான். கூட்டம் குறைஞ்சதும் நானே வந்து பலகையைப் பிரிச்சுப் போடறேன்."

லாரிக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "நீ சொல்லிட்ட. அப்புறம் என்ன," என்று சோற்றைப் பிசைந்தார். கொக்கு குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தான். ஒரு வழக்குத் தீர்ந்ததற்கு அந்த வீட்டில் அதுதான் கையெழுத்து.

சீசன் முடிவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது.

அன்று தொடர் விடுமுறையின் முதல் நாள். முந்தின நாள் பெய்த மழையில் ரோடு இன்னும் காயவில்லை. விடியும் முன்பே வெளியூர்க் கார்கள் வந்து ஊர் முனையை அடைத்துவிட்டதால், காலி லாரியை மேலே கொண்டுபோகவே லாரிக்காரருக்கு நெடுநேரம் பிடித்தது. கடைசி லோடு ஏற்றி இறங்கத் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்த லோடு இறங்காவிட்டால் மறுநாள் வண்டி வேறு ஆளுக்கு என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். அவரும் இறங்கினார்.

லாட்ஜ் வேலைக்குப் போகிற வழியில் அக்கா கடையில் உட்கார்ந்து தம்பிக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒதுங்கிடத்தில் இரண்டு கார்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் ஏரியைப் பார்த்தபடி பாறை மேல் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கு கல்லில் மீன் போட்டிருந்தான். அவன் மனைவி குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்று அன்று வரவில்லை.

மேலே ஹாரன் கேட்டது. நீளமாக, கடைசியில் கொஞ்சம் கரகரத்து. எத்தனை லாரி ஹாரனில் கலந்தாலும் அக்காவுக்கு அந்தக் கரகரப்பு தெரியும்.

"மாமாடா," என்றாள்.

"கேட்டுச்சு. இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போட்டுட்டு..."

"மீனை நான் பாத்துக்கறேன். போடா, மாமா வர்றாரு, போ!" முட்டை ஓடு ஒட்டிய கையால் அவன் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். நெட்டைக் காலைப் போட்டு அவன் ஓடினான்.

கீழேயிருந்து ஒரு கார் ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு குடும்பம். கொக்கு இரண்டு கையையும் விரித்து மறித்தான். "பின்னால போங்க! பின்னால!" பின்னால் போக முடியாது. அந்தக் காரின் முதுகில் இன்னொரு கார், அதன் முதுகில் இன்னொன்று, நாலாவது ஒதுங்கிடம் தாண்டியும் வால் நீண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் வழிவிடச் சொல்லித் தாங்களும் ஹாரன் அடித்தார்கள். ஏறி வந்த கார் ஒதுங்க வேண்டிய இடமோ கடையும் காருமாக நிறைந்திருந்தது. "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க!" என்று கொக்கு கண்ணாடியைத் தட்டினான். அவர்கள் கதவைத் திறந்தபோது வளைவில் லாரி திரும்பிவிட்டது.

லாரிக்காரர் ரோட்டின் நடுவே காரையும், அதிலிருந்து இறங்குகிற சிறு பெண் ஒருத்தியையும் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். ஈர ரோட்டில் அத்தனை கல்லும் பின்னாலிருந்து தள்ளியது. தண்ணீரைப் பார்க்காதே. மலையில் உரசுவதற்காக வண்டியைத் திருப்பினார்.

கொக்கு லாரியைப் பார்த்ததும், சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை செய்ததைச் செய்தான். மலைப்பக்கம் தாவி, பாறையோடு முதுகை ஒட்டி நின்றான்.

இரண்டு பேர் செய்ததிலும் தப்பு இல்லை. அந்த ரோட்டில் நடக்கிறவன் செய்ய வேண்டியதை ஒருவன் செய்தான், ஓட்டுகிறவன் செய்ய வேண்டியதை ஒருவர் செய்தார். காரில் வந்தவர்களுக்கு ரோடும் தெரியாது, மண்ணும் தெரியாது. நேராக ஏரிப்பக்கம் ஓடி, முழங்கால் சேற்றில் விழுந்து, எழுந்து, பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிழைத்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனாலும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆம்புலன்ஸ் வந்து செய்வதற்கு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அது வந்திருக்க முடியாது. சாயங்காலம் வரை அந்த ரோட்டில் ஒரு சக்கரம் நகரவில்லை. வண்டிகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், சிலர் அழவும் செய்தார்கள். வெகு பின்னாலிருந்து நடந்து வந்த ஒருவர், என்ன நடந்தது என்று தெரியாமல், கடையில் நின்றிருந்த அக்காவிடம் டீ கிடைக்குமா என்று கேட்டார். அவளும் எதுவும் புரியாமல் கெட்டிலைத் தூக்கி ஊற்றிக் கொடுத்தாள்.

ரோட்டைத் திறக்க வேண்டுமென்று லாட்ஜ்காரர்கள் ஆட்களோடு வந்தார்கள். நல்ல வேகம். போலீஸ் அளவு எடுக்க வருவதற்குள் இரண்டு கார்களும் சொந்தக்காரர்களோடு போய்விட்டன, சேற்றிலிருந்து எழுந்த குடும்பமும் போய்விட்டது. பலகையும் தகரமும் பிரித்து எங்கோ அள்ளிக்கொண்டு போகப்பட்டன. மூன்றாவது ஒதுங்கிடம் துடைத்து விட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. படம் எடுத்தவர்களெல்லாம் லாரியைத்தான் எடுத்திருந்தார்கள். வெறும் ஓரத்தை யார் எடுப்பார்கள்? ஊர்க்காரர்களைக் கேட்டால், நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா ஒதுங்கிடத்திலும் யாராவது ஒருவருடைய பிழைப்பு நின்றுகொண்டிருந்தது. எந்த வாய் திறக்கும்?

ஆகக் கேள்வி ஒன்றே ஒன்றில் வந்து நின்றது: லாரி இறங்கியபோது ஒதுங்கிடம் காலியாக இருந்ததா, இல்லையா? காலியென்றால், கார் அதில் நுழைவதற்குள் உத்தரவு நேரம் தாண்டிக் கண்மண் தெரியாமல் இறங்கியவர் லாரிக்காரர். அவர் உள்ளே போவார், செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கும். அடைத்திருந்ததென்றால் ரோட்டை அடைத்தவன் செத்தவனே. லாரிக்காரர் வீட்டுக்கு வருவார், தம்பி மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொல்ல மிஞ்சியவள் அக்கா ஒருத்திதான்.

ஸ்டேஷனில் புருஷனைப் பார்க்கப் போனாள். அவர் அதற்குள் தன் வாக்குமூலத்தைக் கொடுத்து முடித்திருந்தார்.

"காலியா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே. ஏங்க?"

"செத்தவன் மேல பழி போடச் சொல்றியா?"

"பழி இல்ல. நடந்ததச் சொல்லச் சொல்றேன்."

"நடந்தது என்னன்னா, அவனை மலையில வச்சு நசுக்கிட்டேன். என் கையிலதான் ஸ்டீயரிங் இருந்துச்சு. அதுக்கு முன்னால கடை இருந்துச்சா, கார் இருந்துச்சா, அதெல்லாம் எனக்கு எதுக்கு?"

"நீங்க உள்ள போயிட்டா நான் என்ன செய்வேன்?"

"வெளிய வந்தா மட்டும்? பக்கத்து வீட்டுல அந்தப் புள்ளை அழும். சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் சோறு திங்கணும். நீ எனக்கு எடுத்து வைக்கணும். முடியுமா உன்னால?"

அவள் மாற்றுச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆள் வந்தது. லாட்ஜ் முதலாளி, வேலைக்காரிகளின் வீடு எங்கே இருக்கிறதென்று அதுவரை தெரியாதவர், தேடி வந்து உட்கார்ந்து, "பார்த்துச் சொல்லும்மா, இந்த லாரியெல்லாம் ஒழிஞ்சாத்தான் ரோட்டுக்கு விமோசனம்" என்றார். அவர் போனதும் குவாரி மேஸ்திரி வந்தான். "உண்மையைச் சொல்லுக்கா, உண்மைக்கு எப்பவும் மரியாதை உண்டு" என்றான். உண்மையைப் பற்றி அவன் அதற்கு முன் பேசி யாரும் கேட்டதில்லை. வராதவள் தம்பி மனைவி ஒருத்திதான். நடுச்சுவருக்கு அப்பால் குழந்தை அழுவதும், அவள் சமாதானம் செய்வதும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுவதும் கேட்கும். அக்கா எழுந்து வாசல் வரை போவாள். நான்தான் அவனைப் போகச் சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று போவாள். வாசலோடு திரும்பிவிடுவாள்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்ட நாளும் கூட்ட நாள்தான். ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே கார்கள் அடித்த ஹாரனில் அவர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. வெளி பெஞ்சில் தம்பி மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீ எங்க இருந்தே?"

"கடைக்குள்ளதான் சார். முட்டை உரிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப கடை இருந்துச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். புருஷனின் முகமும் தம்பியின் முகமும் மாறி மாறி வந்ததாகச் சொன்னால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. அவளுக்கு வந்தது தன் கைதான், முட்டை ஓடு ஒட்டிய கை.

"இருந்துச்சு சார். ரெண்டு காரும் நின்னுச்சு. ஒரு சைக்கிள்கூட நுழைய இடமில்ல."

"உன் புருஷன் காலின்னு சொல்றாரே?"

"அவரு மனசு ஒடைஞ்சு சொல்றாரு. மேலயிருந்து வர்றவருக்கு அது தெரியாது சார். இன்னொன்னும் இருக்கு. என் தம்பி மீனைத் திருப்பிட்டுப் போறேன்னுதான் சொன்னான். நான்தான் போடா போடான்னு முதுகைப் புடிச்சுத் தள்ளினேன். அந்த மீனைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அதுக்குள்ள லாரி கடந்து போய் மலையில நின்னிருக்கும். அவன் கடையில இருந்திருப்பான். அதையும் எழுதிக்கங்க சார். நான்தான் தள்ளினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அது கேஸுக்கு வேண்டாம்மா. இடம் காலியா இல்லையா, அதான் கேள்வி. சொல்லிட்டே. போதும்." எழுதியதைத் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். "நாளைக்கு அவரை விட்டுடுவாங்க. போயிட்டு வா."

வெளியே வந்தாள். தம்பி மனைவி எழுந்து நின்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் வெளியில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"இருந்துச்சுன்னு சொல்லிட்டீங்களா அண்ணி?"

"ஆமா."

"அவரே ஒத்துக்கிட்டாரே அண்ணி. நீங்க சும்மா இருந்திருந்தாப் போதுமே."

"நடந்தது அதுதானேம்மா. பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யோ நெஜமோ. உங்களுக்குப் புருஷன் வேணும்னு தோணுச்சு. சொல்லிட்டீங்க." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கும்தான் தோணுது."

நான்தான் அவனைத் தள்ளினேன் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். இனி அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாகவும் இருக்காது, தண்டனையாகவும் இருக்காது. தனக்குப் பாரம் இறங்கும், அவ்வளவுதான். அதற்காக அந்தப் பெண்ணின் தலையில் அதையும் ஏற்றுவதா? பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

வீட்டுக்குப் போக இருப்பது ஒரே பஸ். அது ஸ்டேஷன் வாசலிலேயே கார்களுக்கு நடுவில் மாட்டி நின்றுகொண்டிருந்தது. அக்கா முன்வாசலில் ஏறினாள், தம்பி மனைவி பின்வாசலில் ஏறினாள். உள்ளே எல்லாம் வெளியூர்க் கூட்டம், படகுத்துறைக்குப் போகிறவர்கள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அக்கா அதற்கு இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். உட்காரும்மா என்று அக்கா கண்ணால் காட்டினாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவும் உட்காரவில்லை. பஸ் ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது. குழந்தை சீட்டைக் காட்டிக் காலை உதைத்தது.

தொப்பி போட்ட ஒரு ஆளும் அவர் மனைவியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். "இங்க யாராவது உக்காரப் போறீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இல்லைங்க, நீங்க உக்காருங்க," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.